பலகை போடும் செட்டியார்

தித், நிட், தோன் என்று பர்மாக்காரர்கள் பாஷையில் எண்ணிக்கொண்டே கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார் உடையப்ப செட்டியார். கழற்றிய பலகையைச் சுவரோரம் சாய்த்ததும் அதன் நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு. பலகைக்கு நெற்றி உண்டா என்று கேட்காதீர்கள். அவருடைய பலகைக்கு உண்டு. குணமும் உண்டு. "இது சாது. இது எடக்குப் பண்ணும். இந்தா நிக்கிறானே, இவன் எங்க பெரிய மச்சான் மாதிரி. தட்டிக் குடுத்தாத்தான் வருவான்" என்பார்.

புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியில் அவருடைய கொடுக்கல் வாங்கல் கடை இருக்கிறது. எதிர் மாடியில் நான் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கரும்பலகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கடைப் பலகைதான் பொழுதுபோக்கு.

ஆள் ஒல்லி. அறுபதை நெருங்கும் வயது. மழையானாலும் வெயிலானாலும் மேலே ஒரு துண்டு மட்டும்தான். கோர்ட்டுக்குப் போகும் நாளில் அல்பாக்கா கோட்டுப் போடுவார். அதற்கு அடியிலும் சட்டை கிடையாது. உட்காருவது பாயில். முன்னால் ஒரு சாய்வு மேசை, பக்கத்தில் பர்மாவிலிருந்து வந்த அரக்கு வெற்றிலைப் பெட்டி. அந்தப் பெட்டி ஒன்றுதான் அங்கிருந்து மிஞ்சியது. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். வழியில் ஒரு புலி கடன் கேட்டதாகவும், இவர் ஜாமீன் ஆள் கேட்டதும் அது வெட்கப்பட்டுத் திரும்பிப் போனதாகவும் என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். பிள்ளைகள் அவரிடமே போய்க் கேட்டுவிட்டார்கள். "புலியெல்லாம் இல்லப்பா. கொசுதான். ஆனா கொசுவும் ஜாமீன் குடுக்கல" என்றாராம்.

கடன் கொடுப்பவர் என்றுதான் பெயர். கடன் கேட்டு வருகிறவரைப் பாதியோடு திருப்பி அனுப்புவதில் அவருக்கு இருக்கிற உற்சாகம் கொடுப்பதில் கிடையாது.

"எம்புட்டு வேணும்?"

"முந்நூறு ரூவா, செட்டியாரய்யா."

"எதுக்கு?"

"காதுகுத்துக்கு."

"யாருக்குக் காது? யானைக்கா? நூறு போதும், போ."

திட்டிக்கொண்டே வாங்கிப் போகிறவர்கள் ஒரு வருஷம் கழித்து அதே வாயால் வாழ்த்துவதை என் மாடியிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன்.

ரங்கூனில் அவர் ஒரு பெரிய கடையில் அடுத்தாள், அதாவது பொறுப்பாளருக்கு அடுத்த நிலையில் இருக்கும் ஆள். அங்கே கொடுக்கல் வாங்கல்காரர்கள் மாதம் ஒருமுறை தண்டாயுதபாணி கோயிலில் கூடி, இந்த மாதத்துக்கு நடப்பு வட்டி இவ்வளவு என்று பேசித் தீர்மானிப்பார்கள். மறுநாளிலிருந்து எல்லாக் கடனுக்கும் அதுதான் வட்டி. இளம்பிள்ளையான உடையப்பனுக்கு உள்ளே இடமில்லை. வாசலில் செருப்புகளோடு நிற்பார். கடன்பட்ட சனமும் அங்கேயே நிற்கும்.

"வெளிய வர்ற பெரியவுக மொகத்தப் பாத்துத்தான் வட்டி ஏறுச்சா எறங்குச்சான்னு சனம் ஊகிக்கும், டீச்சரம்மா. ஒரு பெரியவுகளுக்கு வயித்துவலி. மொகத்தச் சுளிச்சுக்கிட்டு வந்தாக. வாசல்ல நின்ன ஒருத்தன் அப்படியே உக்காந்துட்டான். அன்னைக்கு நெனச்சேன். மழை பெய்யட்டும், அது பெய்யத்தான் செய்யும். மேகம் போட்டுட்டுப் பெய்யட்டுமே! சனம் காயப்போட்ட வத்தல எடுத்து உள்ள வச்சுக்கும்ல?"

அந்த மேகம்தான் பலகை. மற்ற நாளில் எல்லாப் பலகையும் கழன்று கடை முழுதாய்த் திறந்திருக்கும். அடுத்த மாதம் வட்டி ஏறப்போகிறதென்றால், இந்த மாதம் முழுக்கக் கடைசிப் பலகை ஒன்று மட்டும் கழற்றாமல் நிற்கும். அவ்வளவுதான் அறிவிப்பு. தண்டோரா இல்லை, போர்டு இல்லை. வீதியில் போகிறவன் பார்ப்பான், சந்தையில் சொல்வான். மணமேல்குடி பஸ்ஸின் கண்டக்டர் பழனிச்சாமி படியில் நின்றே பார்த்துவிட்டு, போகிற ஊருக்கெல்லாம் டிக்கெட் இல்லாமல் அந்தச் செய்தியை ஏற்றிப்போவான். உடையப்ப செட்டியார் பலகை போட்டால் அறந்தாங்கியில் கடலை மூட்டைக்கு எட்டணா இறங்கும் என்று எழுத எனக்கு ஆசை. பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார். நாலணா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டி இறங்குவதற்குப் பலகையில் அடையாளம் கிடையாது. "சந்தோசத்த முன்கூட்டிச் சொல்லி என்ன ஆகப்போகுது? அது எப்ப வந்தாலும் எல நறுக்கிச் சோறு போட்டுக்கலாம்" என்பார்.

இதில் ஊர்க்காரர்கள் தாமாக ஏற்படுத்திக்கொண்ட ஒரு வழக்கமும் உண்டு. பலகையைப் பற்றி அவரிடம் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கேட்டால் கேட்டவருக்குப் பண முடை என்று நாலு பேருக்குத் தெரிந்துபோகுமே. பார்த்தும் பாராத மாதிரி நடந்துபோய்ப் பக்கத்துத் தெருவில் நின்று பேசுவார்கள்.

செட்டியாருக்கே மேகம் காட்டவேண்டிய இடம் பம்பாய். அவர் தம் முதலுக்குமேல் வேண்டியதை டவுன் பாங்கியில் வாங்கிக் கொடுப்பவர். பாங்கிகளுக்கெல்லாம் பாங்கியான ரிசர்வ் வங்கி பம்பாயில் தன் வட்டியை ஏற்றினால், இங்கே பாங்கி ஏஜெண்ட் மறுநாளே இவருக்கு ஏற்றிவிடுவார். "ராத்திரி ஏத்திட்டுக் காலையில பேப்பர்ல போடுறான். பெரிய எடம் செய்யிற வேலையா இது?" என்று என்னிடம்தான் சண்டைக்கு வருவார், ஏதோ ரிசர்வ் வங்கியில் என் தம்பி வேலை பார்க்கிற மாதிரி. தனக்கு உடனே ஏறினாலும், தன்னிடம் வாங்கியவர்களுக்குப் பலகை போட்டு ஒரு மாதம் கழித்துத்தான் ஏற்றுவார். இடையில் வரும் நஷ்டத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'மேகச் செலவு'.

அந்த நஷ்டத்தைக் குறைக்க, பம்பாயில் ஏறுமுன்பே ஊகித்துப் பலகை போட ஒரு வழி கண்டுபிடித்தார். ரிசர்வ் வங்கிப் பெரியவர்கள் எங்கேயாவது பேசியதாக இங்கிலீஷ் பேப்பரில் வந்தால், அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறிவிடுவார். நான் தமிழில் சொல்லவேண்டும். சும்மா சாரம் சொன்னால் விடமாட்டார். சொல்லுக்குச் சொல் வேண்டும்.

"'விலைவாசி நிலைமையைக் கூர்ந்து கவனித்து வருகிறோம்' என்று சொல்லியிருக்கிறார்."

"போன தடவ என்ன சொன்னான்?"

"போன தடவையா? 'கவனித்து வருகிறோம்' என்று."

"அப்பக் கூர்ந்து இல்லையே?"

"இல்லை."

"இப்பக் கூர்ந்து வந்துருச்சு." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வேலையத்துப் போயி ஒரு சொல்லக் கூடுதலாப் போடுவானா அவன்? அவனும் பலகைதான் போடுறான், டீச்சரம்மா. நம்ம பலகை மரம், அவன் பலகை இங்கிலீஷு."

ஐம்பத்தேழாம் வருஷம் பம்பாயில் ஏறியபோது அவர் எங்களுக்குக் காட்டிய மேகத்தை நான் மறக்கமுடியாது. திருக்கோகர்ணத்தில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தோம். வீடு கட்டக் கடன், மகள் செவந்தியைத் திருச்சியில் கல்லூரியில் சேர்க்கக் கடன், இரண்டையும் ஒன்றாகக் கேட்பதென்று நானும் என் வீட்டுக்காரரும் ராஜதானியையே கட்டப்போகிறவர்கள் மாதிரி திட்டம் போட்டிருந்தோம். ஜன்னலைத் திறந்தேன். கடைசிப் பலகை நின்றது. வீட்டை விட்டோம், கல்லூரியைப் பிடித்தோம். இரண்டு கடனையும் வாங்கியிருந்தால், ஏறிய வட்டியில் முதல் வருஷமே செவந்தியின் பெட்டி திரும்பி வந்திருக்கும். இன்று அவள் பட்டதாரி ஆசிரியை. மனையில் எருமை மேய்கிறது. அந்த எருமையைப் பார்க்கும்போதெல்லாம் செட்டியாரை நினைத்துக் கும்பிடத் தோன்றும். என் வீட்டுக்காரர், "எருமையையா கும்பிடுகிறாய்?" என்பார். இரண்டையும்தான்.

இப்படிப்பட்ட பலகை ஒருமுறை பொய் சொன்னது.

சீனாக்காரனோடு சண்டை நடந்த ஐப்பசி. ஊர் ஏற்கெனவே பயந்துகிடந்தது. அடைமழை வேறு. கீழ ராஜ வீதியில் வண்டிமாடு நீந்திப் போனதை நான் பார்த்தேன். முழங்கால் தண்ணீர்தான், ஆனால் நீந்தியது. அன்று காலை செட்டியார் பலகைகளைக் கழற்றிக்கொண்டே வந்தார். கடைசிப் பலகை வரவில்லை. தட்டிக் கொடுத்தார். பெரிய மச்சானைத் திட்டுவதுபோல் திட்டினார். தோளால் முட்டினார். மரம் மழையில் ஊறி, பலகையைச் செருகும் பள்ளமான காடியோடு இறுகிவிட்டிருந்தது. "வெயில் வரட்டும், தானா வருவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் விளக்கை ஏற்றி உட்கார்ந்தார். வேலை மும்முரத்தில், அது ஊருக்கு ஒரு சேதி என்பதையே மறந்தும்போனார்.

நாலைந்து நாள் வெயிலும் வரவில்லை, பலகையும் வரவில்லை. உள்ளே பாயில் இருப்பவருக்கு அது ஒரு ஊறிய பலகை. வெளியே இருந்து பார்த்த எல்லோருக்கும் அது வட்டி. என் பங்குக்கு நானும், சண்டை வந்தால் ஏறத்தானே செய்யும் என்று நம்பினேன். வழக்கப்படி ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை.

மழை சற்று விட்ட ஒரு முற்பகலில் செங்கமலம் வந்தாள். மணமேல்குடிக் கருவாட்டுக்காரி. அவள் ஏறினால் பஸ்ஸில் பாதிப்பேர் ஜன்னல் பக்கம் நகர்வார்கள், அவ்வளவு மணக்கும் கூடை. அன்று கூடை இல்லை. அவளுக்கு ஒரு வத்தை இருந்தது. பாய் கட்டி ஓட்டும் சின்னப் படகு. இறந்துபோன புருஷன் தன் கையால் கட்டியது. மரம் வாங்கியது செட்டியாரின் கடனில். அதை இரண்டு பேர் ஓட்ட, பிடிக்கிற மீனில் இவளுக்குப் பங்கு. அதுதான் அவள் அடுப்பு எரிகிற வழி.

முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். "எண்ணிக்கங்க. வட்டிக்கு இது. அசலு வெள்ளிக்கெழம வந்துரும்."

"ஏத்தா, மழையில மீனே இல்லைன்னு போன வாரம் மூக்கச் சிந்துன. இது எங்கிட்டுருந்து வந்துச்சு?"

"வத்தைய வெல பேசிட்டேன். கோட்டைப்பட்டினம் சேவுகன் அச்சாரம் குடுத்துட்டாரு."

"வத்தையவா? ஒனக்கென்ன கிறுக்கா? அது ஓடுனாத்தானே ஒனக்குச் சோறு?"

"என்னயவா கேக்குறீங்க?" செங்கமலத்தின் குரல் என் மாடிக்கு ஏறிவந்தது. "நீங்கதானே பலகை போட்டீங்க!"

"நானா?"

"பின்ன நானா வந்து போட்டேன்? கண்டக்டரு பஸ்ஸ நிறுத்துறதுக்குள்ள படியில நின்னே கத்திட்டான். மழையில வத்தை கரையில கெடக்கு, வட்டி மட்டும் ஓடுது. இதுக்கு மேலயும் ஏறுனா எங்க போவேன்? சேவுகனுக்கும் சேதி தெரிஞ்சுபோச்சு. பாதி வெலதான் கேட்டாரு. குடுத்துட்டேன்."

செட்டியார் எழுந்து வெளியே வந்தார். தூறலில் நின்று கடையைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே நின்றார்.

"செங்கமலம், வட்டி ஏறல."

"என்ன?"

"அது மரம் ஊறுனது, ஆத்தா. கழட்ட வரல. நான் போடல."

அவள் ஈரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மரம் ஊறுனதுக்கா அந்த மனுசன் கட்டுன வத்தைய வித்தேன்? ஒங்க பலகையில இடி விழ! நீங்க நல்லா இருப்பீங்களா!"

"விழட்டும்" என்றார் செட்டியார். "எந்திரி. அந்தக் காச எடுத்து முடிஞ்சுக்க. அடுத்த பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் போறோம்."

செட்டியார் சொல்லி அனுப்ப, ஆசாரி அழகுமலை உளியும் கொட்டாப்புளியுமாக வந்தார். "அறுத்து எடுத்துரவா?" என்று கேட்டார். "அறுக்காத. எனக்கு முழுசா வேணும்" என்றார் செட்டியார். காடியைச் செதுக்கிப் பலகையை உருவி எடுத்தார்கள்.

அடுத்த சிக்கல் அப்போதுதான் புரிந்தது. ஒரு பலகை நின்றதற்கே ஊர் இந்தப் பாடு பட்டதென்றால், வேலைநாளில் கடையையே சாத்திவிட்டு மணமேல்குடிக்குப் போனால் என்ன ஆகும்? எல்லாப் பலகையும் போட்டுவிட்டார் என்று புதுக்கோட்டையே மூட்டை கட்டிவிடும். வீட்டுக்கு ஆள் அனுப்பினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கடைப்படி மிதித்திராத அவர் மனைவி சொர்ணவல்லி ஆச்சி, அரிவாள்மணையும் ஒரு கூடை வெண்டைக்காயுமாக வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பார்த்தும் பாராத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அன்று ஊரில் பாதிப்பேர் அந்தப் பக்கம் நடந்தார்கள்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க!" என்றார்கள் ஆச்சி, நறுக்குவதை நிறுத்தாமலே. "மரம் ஈரம். கடை தொறந்திருக்கு. வெண்டைக்கா முத்தல். வேற ஒண்ணும் சேதி இல்ல. போயி அவுகவுக சோலியப் பாருங்க."

பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு செட்டியார் பஸ்ஸுக்கு நடந்தார். பின்னாலேயே செங்கமலம். இதற்குமேல் நடந்ததில் பாதி அவள் சொன்னது, பாதி கண்டக்டர் பழனிச்சாமி சொன்னது. தாளித்தது மட்டும் நான்.

"என்ன செட்டியாரே, பலகையும் ஊருக்கு வருதா?" என்றான் பழனிச்சாமி.

"டிக்கெட்டுப் போடு. லக்கேஜுக்கும் சேத்து."

விஷயம் தெரிந்ததும் பழனிச்சாமிக்கு முகம் சுண்டிவிட்டது. "நாந்தானே ஊரெல்லாம் கத்திக்கிட்டுத் திரிஞ்சேன்."

"ஒன்மேல தப்பில்ல. கண்ணுல பட்டதத்தான சொன்ன? இப்ப நிக்கிற எடத்துல எல்லாம் வட்டி ஏறலைன்னு சொல்லிக்கிட்டே வா."

"சொல்றேன். ஆனா ஒண்ணு, செட்டியாரே. ஏறுதுன்னா ஒரு தடவ சொன்னாப் போதும். ஏறலைன்னு பத்துத் தடவ சொன்னாலும் இவங்க நம்பமாட்டாங்க."

"அதுக்குத்தான் இதத் தூக்கிட்டு வாரேன்" என்று பலகையைத் தட்டினார்.

மணமேல்குடிக் கரையில், செங்கமலத்தின் வத்தைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார் சேவுகன். பாயை விரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். செட்டியார் பலகையை மணலில் இறக்கிவைத்தார். கடற்கரை ஆட்களுக்கு மரத்தைப்பற்றி யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. தடவிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள். ஒரு கிழவர் நகத்தால் கீறிவிட்டு, "தண்ணி குடிச்சு உப்பிக் கெடக்கு. இது எப்படிக் கழலும்? வத்தையா இருந்தா ஒழுகாம இருக்கும், நல்ல மரம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சேவுகன் சிரிக்கவில்லை.

"மரம் ஊறுனது என் குத்தமா, செட்டியாரே? அச்சாரம் வாங்குனது வாங்குனதுதான்."

"இல்லைங்கல. விக்கிறவ பின்வாங்குனா அச்சாரத்த ரெட்டிப்பாத் திருப்பணும். அதானே வழக்கம்? ஒங்க அச்சாரம் அவ முந்தியில இருக்கு. அது மேல இன்னொரு பங்கு நான் தாரேன்."

"நீங்க எதுக்குத் தரணும்?"

"என் கடை வாசலப் பாத்துத்தான் வித்தா. வாசல்ல நிக்கிறது நான் சொன்னது மாதிரி. சொன்னது பொய்யாப்போனா அது என் கையத்தான் கடிக்கணும்."

"எனக்கு ரெட்டிப்பு வேணாம். வத்தைதான் வேணும்" என்று சேவுகன் பாய்க்கயிற்றை இழுத்துக் கட்டினார்.

செங்கமலம் வத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வத்தையை இழுத்தால் அவளையும் சேர்த்துத்தான் இழுக்கவேண்டியிருக்கும் என்பது பழனிச்சாமியின் கணிப்பு.

செட்டியார் மணலில் உட்கார்ந்தார். "சேவுகன், இங்கிட்டு வாங்க. நீங்களும் என்கிட்ட வாங்கிப் பொழங்குற ஆளுதானே? ரெண்டு வருசம் முந்தி நான் பலகை போட்டப்ப வலையெல்லாம் வாங்காம நிறுத்திக்கிட்டீங்க. நெசமா இல்லையா?"

"நெசந்தான். வாங்கியிருந்தா முழுகியிருப்பேன்."

"இன்னைக்கு இவ ஊறுன மரத்த நம்பி வத்தையத் தோத்தான்னு ஊர் பேசும். நாளைக்கு நான் நெசமாவே பலகை போடுவேன். மழையில ஊறியிருக்கும்னு சொல்லிட்டு எல்லாரும் போயிருவாக. நீங்களும் போயிருவீங்க. அப்புறம் வட்டி ஏறப்போகுதுன்னு ஒங்களுக்கு முன்கூட்டி யாரு சொல்லுவா? பம்பாய்க்காரனா? அவன் ஒங்களப் பாத்தானா, என்னையப் பாத்தானா? இந்த வத்தைய எடுத்துக்கங்க. ஆனா என் பலகையும் சேத்து எடுத்துக்கங்க. எனக்கு இனிமே அது எதுக்கு?"

சேவுகன் வத்தையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பாதி விலைக்குக் கிடைத்த நல்ல வத்தை அது. கயிற்றை அவிழ்க்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது என்றாள் செங்கமலம். அவிழ்த்துவிட்டு, அச்சாரத்தை இரட்டிப்பாக வாங்கிக்கொண்டார். "ரெட்டிப்பு வேணாம்னீங்களே?" என்று யாரோ கேட்டதற்கு, "அது வத்தை கெடைக்கும்போது சொன்னது" என்றாராம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

அந்த மார்கழியில் பம்பாயில் நிஜமாகவே வட்டி ஏறியது. பலகைக்கு ஐப்பசியிலேயே தெரிந்திருக்கிறது, நாம்தான் நம்பவில்லை என்று ஊரில் ஒரு கட்சி கிளம்பியது. செட்டியார் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, ஆசாரி இழைத்து இளைக்கவைத்திருந்த அதே பலகையைக் காடியில் நிறுத்தினார். அந்த மாதம் கடைக்கு வந்த ஒவ்வொருவரும் உள்ளே நுழையுமுன் பலகையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார்கள். ஆடினால் வட்டி, ஆடாவிட்டால் மழை. அது நன்றாகவே ஆடியது. செங்கமலமும் ஆட்டிப் பார்த்தாள். திரும்பிப் போய், ஓட்டுகிற இருவரிடமும் பேசித் தன் பங்குக் கருவாட்டை ஒரு வியாபாரிக்கு முன்கூட்டி விலை வைத்துக் கொடுத்து, வட்டி ஏறுமுன்னே அசலில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டாள். மாசியில் வத்தை கடலுக்குப் போனது. அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை நெத்திலி வந்தது. நான் என்ன செய்தேன் என்று எனக்கு? செட்டியார் வீட்டில் கருவாடு புழங்காது, அதனால் எனக்கு. நன்றி எந்த வாசலில் இறங்கினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பம்பாய்க்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாமா என்று நானும் அவரும் யோசித்ததுண்டு. ஏற்றுவதென்றால் ஏற்றுங்கள், கூர்ந்து என்று ஒரு சொல்லை ஒளித்துவைக்காமல் எங்கள் கடையில் மாதிரி வாசலில் ஏதாவது நிறுத்துங்கள் என்று. "வேணாம், டீச்சரம்மா" என்றார் கடைசியில். "அவன் வாசல் பெருசு. நம்மள மாதிரி ஒரு பலகையப் பாத்துக்கிட்டிருக்க முடியுமா அவனால? நம்மளாலயே முடியல."

எழுதுகிற இன்று காலையும் பார்த்தேன். தித், நிட், தோன் எல்லாம் முடிந்தது. திருநீறும் ஆயிற்று. முன்பெல்லாம் நேரே பாய்க்குப் போகிறவர், இப்போது போவதில்லை. துண்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தூறலில் வீதியைக் கடந்து, என் மாடிக்குக் கீழே வந்து நின்றார். அறந்தாங்கி பஸ் ஒன்று குறுக்கே வந்து மறைத்தது. அது போகும்வரை காத்திருந்தார். போனதும், கூடை இறக்கிவைத்துவிட்டு நின்ற ஒரு தயிர்க்காரிக்குப் பக்கத்தில், அவளைப்போலவே கழுத்தைச் சாய்த்து, கடன் கேட்க வந்தவர் பார்ப்பதுபோலத் தம் கடையைப் பார்த்தார்.